எல்.கே.ஜி. வகுப்பறைக்குப் பொருள் வாங்க ஆண்டர்சன் தெரு

பள்ளி திறப்பதற்குள் வகுப்பறையைத் தயார் செய்ய அலைகிற மிஸ்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சென்னை வியாசர்பாடியில் எல்.கே.ஜி. எடுக்கிறேன். சார்ட், அட்டை, கயிறு, கிளிப் எதுவானாலும் பாரிமுனைதான் போவேன். தாளுக்கு ஆண்டர்சன் தெரு, மற்ற ஸ்டேஷனரிக்குப் பந்தர் தெரு.

ஆண்டர்சன் தெரு கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் போனது. அதுதான் நமக்கு லாபம். பத்திரிகைக்கென்று வருகிற கெட்டித் தாள் அத்தனை நிறத்திலும் கிடைக்கும். வெட்டி மிஞ்சிய ஓரத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள், சில கடைகளில் எடைக்குக் கொடுக்கிறார்கள். கிழித்து ஒட்டும் வேலைக்கு அதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை.

தாள் வாங்கும்போது ஜி.எஸ்.எம். கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு அது. ஜெராக்ஸ் தாள் 70, 75 இருக்கும். மூன்றரை வயதுப் பிள்ளை போஸ்டர் கலரைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினால் அது நைந்து போய்விடும், வரைந்த பிள்ளையின் முகமும் வாடிவிடும். 200-க்கு மேல் வாங்கினால் தாங்கும். சுவரில் ஒட்டவும் கனமானதே நல்லது. ஐப்பசி மழையில் மெல்லிய சார்ட் ஓரமெல்லாம் சுருண்டு, டேப்பும் விட்டுப்போகும்.

அந்தப் பக்கக் கடைகளில் நான் வாங்காத பொருள், பளபளக்கும் ஃபோம் ஷீட்டில் வெட்டி வைத்த ரெடிமேட் கார்ட்டூன் உருவங்கள். விலைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு ஒன்று செய்து 2014-இல் வெளியிட்டார்கள். சுவர் முழுக்க அலங்காரம் செய்த அறையில் பாடம் கேட்ட கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்குக் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. கரும்பலகைப் பக்கச் சுவரை நான் வெறுமையாகவே விடுகிறேன். பின்சுவர் முழுவதும் பிள்ளைகளுடையது. மூன்றடி உயரத்தில் சணல் கயிறு கட்டி, மரக் கிளிப் மாட்டி, அவரவர் படத்தை அவரவரே தொங்கவிடுகிறார்கள். அதற்குக் கீழே பிரவுன் தாள் ரோலை நீளமாக ஒட்டியிருக்கிறேன், கிறுக்குவதற்கு. 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மாண்டிசோரி அம்மையார், பொருளெல்லாம் குழந்தை தானே எடுத்து வைக்கிற உயரத்தில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். நம் பள்ளிகளில் இன்னும் பெரியவர்கள் பார்க்கும் உயரத்தில்தான் படங்களை ஒட்டுகிறோம். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

மணி, ஜமிக்கி, சின்னப் பொத்தான் வேண்டவே வேண்டாம். மூக்கில் காதில் போட்டுக்கொள்கிற வயசு. தெர்மாகோலும் உதிர்ந்து வாய்க்குப் போகும். பதிலாக ஃபெல்ட் துணி, ஐஸ் குச்சி, தடித்த கிரேயான் வாங்கலாம்.

உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். காலையில் கடை திறந்ததும் போனால் பொறுமையாகப் பேசுவார்கள், மதியத்துக்கு மேல் பத்திரிகைக் கூட்டம். "ஸ்கூலுக்குண்ணா" என்று சொன்னால் விலையில் கொஞ்சம் இறங்கி வருகிறார்கள். சில கடைகளில் ரீம் கணக்கில்தான் கொடுப்பார்கள், அதாவது 500 தாள். இன்னொரு மிஸ்ஸைக் கூட்டிப்போய்ப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குறையும் உண்டு. ஒரு கடையில் வாங்கிய கட்டில் நடுத் தாள்கள் ஈரம் பட்டுப் பழுப்பேறி இருந்தன, மாற்றிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். கட்டைப் பிரித்து நடுவில் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். ரோல் வாங்கினால் உங்கள் சுவரின் அகலத்தைச் சொல்லி அங்கேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக் கத்திரிக்கோலில் அந்த நேர் ஓரம் வராது.