சாலிட்டேருக்குத் துணையாக வைர பேண்ட்: ஆறு வருஷம் போட்டுத் தேய்த்த பிறகு

சித்தி மகளுக்கு ஆவணியில் கல்யாணம். நிச்சயத்துக்குப் போட்ட சாலிட்டேரை, அதாவது ஒற்றை வைரக் கல் மோதிரத்தை, போட்டோ எடுத்து அனுப்பி, "அக்கா, இதுக்கு மேட்சா வைரம் வச்ச பேண்ட் எடுக்கணும். உங்களுது மாதிரியே வேணும், எங்க எடுத்தீங்க?" என்று கேட்டிருந்தாள். (பேண்ட் என்றால் சாலிட்டேரோடு ஒட்டி அதே விரலில் போடும் வளைய மோதிரம்.) அதற்கு நாலு நாள் முன்புதான் என் மோதிரம் ரிப்பேரிலிருந்து திரும்பியிருந்தது. கடுப்பு இன்னும் ஆறவில்லை. அவளுக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்ல ஆரம்பித்தது இவ்வளவு நீளமாகிவிட்டது.

என் சாலிட்டேர் 50 சென்ட் (அரை காரட் எடை) ரவுண்ட், கல்லைப் பிடிக்க ஆறு கால், 18 காரட் வெள்ளைத் தங்கம். பேண்டில் 11 கல், ஒவ்வொன்றும் 3 சென்ட், மேல் பாதியில் மட்டும். சுற்றிலும் கல் வைத்ததைத்தான் நான் எடுக்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை. "விரல் பருத்தா எங்கடி வெட்டி ஒட்டுவாங்க?" என்றார். பையன் பிறந்த பிறகு 12-ஆம் சைஸ் 14 ஆனது. அடியில் வெறும் தங்கமாக இருந்ததால் பெரிசு பண்ண முடிந்தது. அம்மாவிடம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் வாங்கியது நேரான பேண்ட். கடையில் வெல்வெட் தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பிரமாதமாக இருந்தது. விரலில் போட்டால் நடுவே சந்து. என் சாலிட்டேரில் கல் உட்கார்ந்திருக்கும் கூடு ரொம்பத் தாழ்வு, பேண்டை ஒட்ட விடாமல் தள்ளி நிறுத்துகிறது. டிஃபனி கடை 1886-ல் கொண்டுவந்த ஆறு கால் அமைப்பில் கல்லை வளையத்துக்கு மேலே நன்றாகத் தூக்கி வைத்திருப்பார்கள். கல் உட்காரும் தலைப்பகுதி அப்படித் தூக்கியிருந்தால் நேரான பேண்ட் அடியில் நுழைந்து ஒட்டி உட்கார வாய்ப்பு அதிகம். எனக்கோ "சேலையில் மாட்டாது, தாழ்வாவே எடுங்க" என்று எல்லோரும் சொன்னார்கள், எடுத்தேன்.

ஒரு மில்லிமீட்டர்தான் சந்து. அதில் சப்பாத்தி மாவு போகும், சோப்பு போகும், பையனின் கிரேயான்கூடப் போனது. யார் கையைப் பிடித்துப் பார்த்தாலும் என் கண் நேராக அந்தச் சந்துக்குத்தான் போகும். ஒரு வருஷம் பொறுத்தேன். அப்புறம் நேரானதைக் கொடுத்துவிட்டு, கோவை ராஜவீதிப் பக்கம் ஒரு பத்தரிடம் சாலிட்டேரையே அளவுக்குக் கொடுத்து, நடுவில் வளைந்து ஒதுங்கும்படி புதுசாக ஒன்று செய்து வாங்கினேன்.

அந்த நாள் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். சட்டிக் குழியில் பணியாரம் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. அவினாசி ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது வெயில் சரியான கோணத்தில் விழுந்தால், காரின் உள்கூரையில் பொடிப்பொடியாக வெளிச்சம் ஓடும். பையன் அதைப் பிடிக்கக் கை நீட்டுவான். (தனியாகப் போட்டால் மட்டும் யாரோ மிதித்து வளைத்த மோதிரம் மாதிரி இருக்கும். அதைக் கடையில் சொல்ல மாட்டார்கள்.)

இன்னொன்றையும் சொல்ல மாட்டார்கள். என் பெரிய கல்லுக்கு சர்டிபிகேட்டில் நிறம் ஐ (ஆங்கில எழுத்து; டி-தான் வெள்ளை, எழுத்து தள்ளத் தள்ள மஞ்சள் கூடும்). தனியாக இருந்தவரை வெள்ளை வெளேர் என்றுதான் நினைத்திருந்தேன். பேண்டின் பொடிக் கற்கள் எஃப், ஜி. பக்கத்தில் வந்ததும், ஆபீஸ் டியூப்லைட்டில் பெரியது மோரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் விழுந்தது போலத் தெரிந்தது. கடை ஸ்பாட்லைட்டில் எல்லாமே ஜொலிக்கும். மோதிரத்தைக் கையோடு கொண்டுபோய், வாசலுக்கு வந்து பார்த்து வாங்கு. முலாமும் அப்படித்தான். வெள்ளைத் தங்கத்துக்கு மேலே பூசுகிற ரோடியம் தேயும், அடியிலிருக்கும் லேசான மஞ்சள் எட்டிப் பார்க்கும். இரண்டுக்கும் ஒரே நாளில் பூசாவிட்டால் ஒன்று மாமியார், ஒன்று மருமகள்.

இப்போது ரிப்பேர் விஷயம். போன மாசம் துப்பட்டா நூல் சாலிட்டேரின் ஒரு காலில் மாட்டி இழுத்தது. பத்தர் லென்ஸை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார். பேண்ட் பக்கமாக இருந்த இரண்டு கால்களும் கூட்டின் ஓரமும் அரத்தால் ராவினது போல் பள்ளம் பள்ளமாக இருந்தன. மறுபக்கத்துக் கால்கள் வாங்கின நாள் மாதிரியே உருண்டையாக.

"கல்லு தங்கத்தோட உரசினா தங்கந்தான் தேயுமுங்க. கையை ஆட்ட ஆட்ட ராவிக்கிட்டே இருந்திருக்குது. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கல்லு எங்கியாச்சும் விழுந்திருக்கும்."

ஒரு வருஷம் நான் திட்டித் தீர்த்த அந்தச் சந்துதான் சாலிட்டேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. காசு கொடுத்து அதை அடைத்தவள் நான். வீட்டில் சொன்னால் அம்மா தன் ஏழு கல் தோட்டைத் தொட்டுக் காட்டுகிறார். முப்பது வருஷமாம், ஒரு கல் ஆடவில்லையாம். காதில் அதோடு உரச வேறு நகை இல்லையே அம்மா என்றால் காதில் விழாது.

தேய்ந்த கால்களுக்குத் தங்கம் ஏற்றிச் சரிசெய்து கொடுத்தார். இரண்டு மோதிரத்தையும் அடியில் பற்றவைத்து ஒன்றாக்கிவிட்டால் உரசாது என்றார். யோசித்தேன். ஆனால் மாவு பிசையும்போது பெரியதை மட்டும் கழற்றி வைக்கிற வசதி போய்விடும், ஒன்றுக்கு ரிப்பேர் வந்தால் இரண்டும் கடைக்குப் போகணும். நடுவில் கல்லில்லாத மெல்லிய வளையம் ஒன்று போடலாம் என்றார். மூன்று மோதிரமா, எனக்கென்ன பன்னிரண்டு விரலா? கடைசியில், பேண்டை வலது கைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

அதனால் பாப்பா, வைர பேண்ட் வேண்டாம். உன் போட்டோவில் இருக்கிற தலையும் என்னுடையது போலத் தாழ்வுதான். ஒல்லியான, கல்லில்லாத தங்க பேண்ட் எடு. மிச்சக் காசுக்குப் பட்டுப் புடவை எடு. ஆசை அடங்காவிட்டால் நேரான பேண்டே எடுத்து, சந்தைப் பார்க்காமல் இருக்கப் பழகு.

வலது கையில் நாலு நாள் போட்டுப் பார்த்தேன். வளைந்த இடம் வெறுமனே வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. நேற்று ராத்திரி பழைய விரலுக்கே மாற்றிவிட்டேன். பத்தரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.