கைவில்லா, குறுக்குவில்லா?

மதுரையில் பிள்ளைகளை வில்வித்தையில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் சிலர் இரண்டில் எது என்று தயங்குகிறார்கள்.

கற்பது:
குறுக்குவில்: நாணை இழுத்து மாட்டிவிட்டால் பொறியே பிடித்துக்கொள்ளும், குறிபார்த்து விசையை அழுத்தலாம்.
கைவில்: இழுவை முழுவதையும் தோளும் முதுகும் தாங்க வேண்டும். மாதக்கணக்கில் பழக வேண்டும்.

வேகம்:
கைவில்: தேர்ந்தவர் நிமிடத்துக்குப் பத்து அம்பு விடுவார்.
குறுக்குவில்: பழைய கனத்த வகையில் இரண்டு, மூன்றுதான். 1346இல் பிரான்சில் நடந்த கிரெசிப் போரில், பிரெஞ்சுப் படையிலிருந்த ஜெனோவா (இத்தாலி) குறுக்குவில் வீரர்கள் ஆங்கிலேயரின் நெடுவில்லின் (ஆளுயரக் கைவில்) முன் நிலைகுலைய இதுவும் ஒரு காரணம்.

பராமரிப்பு:
இரண்டையும் அம்பில்லாமல் இழுத்து விடக்கூடாது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்கவும் கூடாது.

பெயர்:
தண்டின்மேல் வில் குறுக்கே கிடப்பதால் குறுக்குவில். பிரெஞ்சுக்காரர்களின் 'ஆர்பலெட்' லத்தீனின் ஆர்க்கஸ் (வில்), பலிஸ்டா (எறிபொறி) இரண்டும் சேர்ந்து வந்தது. பொறியில் பூட்டிய வில் நம் ஊருக்கும் புதிதல்ல. மதுரைக் கோட்டைக் காவலைச் சொல்லும் சிலப்பதிகாரம், காவற்காட்டையும் அகழியையும் அடுத்து 'வளைவிற் பொறி'யைத்தான் வைக்கிறது. வளைந்து தானே எய்யும் எந்திரவில் என்பது உரை. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

போட்டிக் கனவு இருந்தால் கைவில்தான். 1972 முதல் ஒலிம்பிக்கில் தொடர்ந்து இருப்பது அதுவே. குறுக்குவில்லுக்கு அங்கே இடமில்லை. தோள்வலு குறைந்த, குறிபார்ப்பதில் மட்டும் ஆசையுள்ள பெரியவர்களுக்குக் குறுக்குவில் பொருந்தும். ஆனால் பயிற்சியாளரும் பாதுகாப்பான களமும் கிடைத்த பிறகே வாங்குங்கள்; மொட்டைமாடியில் வேண்டவே வேண்டாம்.