ரிவர்ஸுக்கு ஏது சின்க்ரோ? பழைய எம்ஜிபி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

"கியர்பாக்ஸ் போயிற்று" என்று கராஜ்காரர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். நான் ஆட்டினேன். 1,650 பவுண்டு போயிற்று.

என்னுடையது 1972 எம்ஜிபி, பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிக்னலில் நின்றால் முதல் கியர் விழாமல் அடம்பிடிக்கும். ரிவர்ஸ் போட்டால் கர்ர்ரென்று தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால் ஓடும்போது எல்லா கியரும் சமர்த்தாக விழும். இந்த ஒரு விஷயத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லண்டனுக்கு வெளியே, பழைய வண்டிகளுக்கென்றே இருக்கும் ஒரு கராஜில் விட்டேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "சின்க்ரோ எல்லாம் தேய்ந்துவிட்டது, பெட்டியைப் பிரிக்கணும்" என்றார். சின்க்ரோ என்பது, கியர் மாற்றும்போது கியரின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் சமமாக்கி, அரைக்காமல் விழவைக்கும் அமைப்பு. இந்த வண்டியில் எஞ்சினைத் தூக்காமல் கியர்பாக்ஸ் வெளியே வராது, அதனால் கூலி அதிகம் என்றார். அது உண்மைதான். அதனாலேயே மீதியையும் நம்பிவிட்டேன். பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் கொஞ்சம் குறைப்பதாகச் சொன்னார், செய்தேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு கம்பெனியையும் பிடித்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. முதல் சிக்னலிலேயே அதே கர்ர்ர். "புதுப் பாகம், படியும்வரை அப்படித்தான்" என்றார். பழைய பாகங்களைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சாம்.

அப்புறம் இதே மாடல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ரிவர்ஸுக்கு ஏது சின்க்ரோ?" 1967 கடைசியில் வந்த பெட்டியில் முன்னே போகும் நான்கு கியருக்கும் சின்க்ரோ உண்டு, ரிவர்ஸுக்குக் கிடையாது. கிளட்சை மிதித்துச் சில நொடி பொறுத்துப் போட்டாலும் ரிவர்ஸ் அரைத்தால், கிளட்ச் எஞ்சினையும் பெட்டியையும் முழுசாகப் பிரித்துவிடவில்லை என்று அர்த்தம். எஞ்சினை அணைத்துப் போடச் சொன்னார். சத்தமே இல்லாமல் விழுந்தது.

பானெட்டைத் திறந்து, கிளட்ச் பெடலையும், மிதியைத் திரவ அழுத்தமாக்கிக் கிளட்சுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டையும் இணைக்கும் சின்னப் பின்னை உருவினார். உடுக்கை மாதிரி இடை சிறுத்திருந்தது. பெடலில் அது நுழையும் துளை முட்டை வடிவமாகியிருந்தது. மிதிக்கிற மிதியில் பாதி அந்த ஆட்டத்திலேயே கரைந்திருக்கிறது. புதுப் பின் சில பவுண்டுதான். துளையை வெல்டு வைத்து மறுபடி துளைத்தோம். கர்ர்ர் நின்றது.

அன்று ராத்திரியே டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். எஞ்சினையும் பெட்டியையும் சேர்க்கும் போல்ட்டுகளின் மேல் ஐம்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. ஒரு ஸ்பேனர் தடம்கூட இல்லை.

சின்க்ரோ நிஜமாகவே தேய்ந்திருந்தால் ஓடும்போது, குறிப்பாக இரண்டாவதுக்கு இறக்கும்போது அரைக்கும். இரட்டைக் கிளட்ச் மிதித்து, அதாவது நடுவில் நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு மறுபடி மிதித்துப் போட்டால் அடங்கும். முதல் மூன்று கியரில் ஊளையிட்டு நான்காவதில் அமைதியானால் பெட்டிக்குள் இருக்கும் லேஷாஃப்ட் என்ற துணைத் தண்டின் பேரிங்கைச் சந்தேகப்படலாம். எனக்கு இரண்டுமே இல்லை.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைச் சுட்டி, போல்ட்டுப் படங்களோடு கராஜுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். 14 நாள் கெடு. அதுவரை பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.