கொடைக்கானல் ஏரியை நாலு வருடம் அளந்ததில் எது உழைத்தது, எது ஏமாற்றியது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் குனிந்து எதையோ தண்ணீரில் விட்டு எடுத்தால், நடைப்பயிற்சி போகிறவர்கள் "மீன் மாட்டுச்சா?" என்றுதான் கேட்பார்கள். நாலு வருடமாகக் கேட்கிறார்கள். நான் விடுவது தண்ணீரின் தரம் பார்க்கும் மீட்டர். வாங்கிய புதிதில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும், அதனால் இத்தனை நாள் பொறுத்து எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது டிடிஎஸ் பேனா, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது. விலை குறைவு, எல்லோரும் அதைத்தான் வாங்குவார்கள், ஏரிக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. அது உப்பை நேரடியாக அளப்பதில்லை. மின்கடத்துதிறனைப் பார்த்து 0.5, 0.7 என்று ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிருமியோ பாசியோ அதன் கண்ணில் படாது. ஏரி பச்சையாகத் திரண்டு கிடந்த வாரத்திலும் எண் பெரிதாக அசையவில்லை.

அடுத்தது பிஎச் பேனா, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டுவது. உப்பு குறைந்த தண்ணீரில் இது நிலைக்கு வர நேரம் பிடிக்கும் என்று தெரியாமல் முதல் வருடம் முழுக்க அவசரப்பட்டு எழுதி வைத்த எண்களை அப்புறம் நானே அடித்துவிட்டேன். போதாததற்கு, சுத்தமாக இருக்கட்டும் என்று டிஸ்டில்டு தண்ணீரில் ஊற வைத்தே ஒரு எலக்ட்ரோடைக் (தண்ணீரில் படும் அளவு முனை) கெடுத்தேன் (பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்). இன்னொன்று, ஒரு நாள் மதியம் அளந்துவிட்டு பிஎச் எகிறிவிட்டது என்று பயந்துபோனேன். வெயிலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொண்டால் பிஎச் ஏறத்தான் செய்யும். அன்றிலிருந்து கிழமை மாறினாலும் நேரம் மாறுவதில்லை, காலை ஏழு மணி.

அதிகம் செலவு வைத்ததும் அதிகம் கற்றுக்கொடுத்ததும் கரைந்த ஆக்சிஜன் மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனும் குறைவு. 15 டிகிரியில் கடல் மட்டத்தில் லிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் வரை கரையும், இங்கே 7.8 பக்கம்தான். நான் மீட்டரில் ஊரின் உயரத்தை 0 என்றே விட்டுவிட்டு, காற்றில் வைத்து கேலிபரேட் செய்துகொண்டிருந்தேன், அதாவது அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் உண்மையில் 5 இருக்கும் தண்ணீர் 6.4 என்று காட்டும். இது சின்ன விஷயமில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் 6-க்கு மேல் இருந்தால் ஆக்சிஜன் கணக்கில் முதல் வகை, அதாவது கிருமி மட்டும் நீக்கிக் குடிநீராக்கலாம் என்பது. 5 என்றால் குளிக்கிற தண்ணீர். எட்டு மாதம் என் நோட்டில் ஏரி குடிநீராக இருந்தது! விற்ற கடைக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கையேட்டில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மற்றபடி நல்ல கருவி. சவ்வு மூடியையும் உள்ளே இருக்கும் திரவத்தையும் அவ்வப்போது மாற்ற வேண்டும், தண்ணீரில் மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா பிடித்தால் எண் இறங்கிக்கொண்டே போகும்.

நான் நம்புவது செக்கி தட்டை, தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்ப்பதற்கான வட்டத் தட்டு. 1865-ல் இத்தாலியப் பாதிரியார் ஒருவர் கடலில் சோதித்த யோசனை. ஏரிக்கு 20 செ.மீ. வட்டம் போதும், கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் வட்டம். வெல்டிங் கடையில் வெட்டி வாங்கினேன். படகின் நிழல் பக்கமாக இறக்கி, மறையும் ஆழத்தையும் தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். பருத்திக் கயிறு நனைந்து சுருங்கி அளவு தப்பியதால் இப்போது கொத்தனார் வைத்திருக்கும் ஃபைபர் டேப். பேட்டரி கிடையாது, கேலிபரேஷன் கிடையாது. மழைக்குப் பின் சேறா, வெயில் காலத்துப் பாசியா என்பது மட்டும் கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

மலக்கிருமிக்கு எச்2எஸ் குப்பி. அதில் தண்ணீரை ஊற்றி வைக்க வேண்டும், கிருமி விடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் கறுத்தால் சந்தேகம். இந்தக் குளிரில் வெளியே வைத்தால் கறுக்கவே கறுக்காது, அதற்கு 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கோழிக்குஞ்சு பொரிக்கிற மாதிரி பல்பு போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைக்கிறேன்.

பாதரசம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் இந்த ஏரியின் வண்டலிலும் மீனிலும் இருப்பதை ஆய்வகங்கள்தான் கண்டுபிடித்தன. என் பையில் இருக்கும் எதுவும் அதைக் காட்டாது, காட்டும் என்று யாராவது பேனா விற்றால் வாங்காதீர்கள்.

டிடிஎஸ் பேனா இப்போது வீட்டு ஆர்ஓ மெஷின் பக்கத்தில் தொங்குகிறது. அந்த வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.