கொங்முய் வேர் என்று தண்டை விற்றார்கள்: 1,200 டாலர் போயிற்று

மூட்டை வந்து மூன்று நாள்தான் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஹாங்காங் மூலிகைத் தேநீர்க் கடைகளில் கோடையில் விற்கும் கசப்புக் கஷாயங்களில் சேரும் கொங்முய் என்ற காட்டுச் செடியின் வேரை, அண்டை வீட்டுப் பாட்டியிடம் கற்றுக்கொண்டு, தொண்டைக் கரகரப்புக்கு நாங்களும் வீட்டில் காய்ச்சுவது வழக்கம். இம்முறை மூன்று குடும்பங்களுக்குச் சேர்த்து, ஒரு விற்பனைச் செயலியில் கண்ட விற்பனையாளருக்கு, 10 கட்டி (இங்கே ஹாங்காங்கில் புழங்கும் எடை அளவு) காய்ந்த வேர்த்துண்டுகளுக்காக 1,200 ஹாங்காங் டாலரை நேரடியாக அனுப்பினேன்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. “சந்தையில் வேரோடு தண்டைக் கலக்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்” என்று முதலில் எச்சரித்தவரே அந்த விற்பனையாளர்தான். மண் ஒட்டிய வேரை வெட்டுக்கத்தியால் சீவும் காணொளியையும் அனுப்பினார். திருடனே பூட்டைப் பற்றிப் பாடம் நடத்தினால் யாருக்குச் சந்தேகம் வரும்?

பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான வில்லைகளின் நடுவில் தண்டுக்குரிய நெட்டி, அதாவது மென்மையான உள்சோறு, இருந்தது. வேரில் அது இராது. பட்டையிலோ வெண்புள்ளிகள். தராசுக்கோலில் எடைக்குக் குறித்த புள்ளிகளைப் போல் கிளைகளில் இவை இருப்பதால்தான் சீனர்கள் இச்செடியைத் தராசுக்கோல் நட்சத்திர மரம் என்றும் அழைக்கிறார்கள். காய்ச்சிக் குடித்தேன்: முதலில் கசந்து பிறகு நாவில் ஊற வேண்டிய இனிப்பு வரவேயில்லை, ஊறவைத்த விறகின் வாசனைதான் வந்தது.

எடையிலும் கைவைத்திருந்தார்கள். இங்கே ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம்; 6 கிலோவுக்குச் சற்று மேல் இருக்க வேண்டிய மூட்டை சரியாக 5 கிலோ நின்றது. கேட்டதற்கு, “பெருநிலச் சீனக் கட்டி 500 கிராம்தானே” என்று பதில். தண்டைப் பற்றிக் கேட்டபோது, “தண்டுக்கும் அதே குணம்தான்” என்றார். அப்படியானால் முதல் நாள் எச்சரிக்கை எதற்கு? மறுநாள் என் எண்ணையே முடக்கிவிட்டார். செயலி நிர்வாகமோ, பணம் நேரடியாகக் கைமாறியதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. 1,200 டாலர்!

விரிவான ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. முன்பணம் அனுப்பாதீர்கள். எடையைக் கிராமில் எழுதி வாங்குங்கள். நெட்டியும் வெண்புள்ளியும் தெரிந்தால் அது வேர் அல்ல. “நம் மலையில் தோண்டியது” என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். இங்கே அரசு நிலத்தில் அனுமதியின்றிச் செடி தோண்டுவதே குற்றம்.

மூட்டை இன்னும் வாசலருகே கிடக்கிறது. மற்ற இரண்டு குடும்பங்களுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.