பனிமதிலை உடைக்க எந்த ஸ்னோ புளோவர்?

பனியை அள்ளி வீசும் ஸ்னோ புளோவர் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை சென்ரிமீற்றர் பனியை இது தள்ளும்?" என்பதுதான். ரொறன்ரோப் பக்கம் இருப்பவர்களுக்கு அது பாதிக் கேள்வி. இங்கே ஆண்டு முழுக்க விழும் பனியைக் கூட்டினால் ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டும். 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் அடுத்தடுத்து வந்ததுபோன்ற புயல்களை விட்டால், ஐந்தும் எட்டும் சென்ரிமீற்றராக விழுவதைச் சவலாலேயே தள்ளிவிடலாம். இடுப்பை முறிப்பது நகரசபை வண்டி வீதியைத் துப்புரவாக்கிவிட்டு வீட்டு முன்னால் கார் நிறுத்தும் நம் டிரைவ்வேயின் வாயில் குவித்துவிட்டுப் போகும் மதில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். வண்டி நசுக்கி, உப்புத் தண்ணீரோடு ஒதுக்கிய பனி 400 கிலோவுக்குக் குறையாது. இரண்டு கார் நிற்கும் டிரைவ்வேயின் வாய் 5 மீற்றர் என்றால், ஒரு மீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் உயரமுமாகக் கிடக்கும் மதிலின் எடை 800 கிலோ. இரவில் உறைந்துவிட்டால் அதை மண்வெட்டியால்தான் கொத்த வேண்டும். சில நகரசபைகள் இந்த மதிலையும் அகற்றித் தருகின்றன. உங்கள் வீதியில் அந்த வசதி இருந்தால் அதிர்ஷ்டம்தான், சின்ன மெஷினே போதும்.

ஒற்றைக் கட்ட (single-stage) மெஷினில் இருப்பது றப்பர் துடுப்பு வைத்த ஓகர் என்ற சுழலும் உருளை ஒன்றுதான். அதுவே தரையைச் சுரண்டும், அதுவே பனியைச் சூட் என்ற குழாய் வழியாக வீசும். தார் தெரியும்வரை துடைத்துவிடும் என்பது இதன் பெரிய பலம். எடை 40 கிலோ அளவுதான், கராஜின் மூலையில் அடங்கிவிடும். ஆனால் மதிலைக் கண்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். கைப்பிடியை உயர்த்தி முன்பக்கத்தை அழுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி குத்தி என்று நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும். சரளைக்கல் பாதை உள்ளவர்கள் இந்தப் பக்கமே போகவேண்டாம். கல்லையும் அள்ளி யன்னலுக்கு எறியும்.

இரட்டைக் கட்டத்தில் வேலை இரண்டாகப் பிரிகிறது. இரும்பு ஓகர் மெதுவாகச் சுழன்று பனியை உடைத்து நடுவுக்குக் கொண்டுவர, பின்னால் இருக்கும் இம்பெல்லர் என்ற விசிறி வேகமாகச் சுழன்று அதைப் பத்துப் பன்னிரண்டு மீற்றருக்கு எறிகிறது. சக்கரமும் எஞ்சினிலேயே ஓடுவதால் நீங்கள் தள்ளத் தேவையில்லை, பின்னால் நடந்தால் சரி. ஓகர் தரையில் முட்டாது. பக்கத்தில் உள்ள ஸ்கிட் ஷூ என்ற சறுக்குத் தகட்டைத் தளர்த்தி இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம். மதிலை உடைக்கவென்றே பிறந்த மெஷின் இது. குறை என்னவென்றால் 100 கிலோவைத் திருப்புவது. இரண்டு கார் டிரைவ்வேக்கு 24 அங்குல அகலம் தாராளம். பெரிதாக இருக்கட்டும் என்று 30 அங்குலம் வாங்கினால் காருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே அதைத் திருப்பும்போது தெரியும். அந்தக் காசை, விசையை அழுத்தினால் ஒரு பக்கச் சக்கரம் நின்று மெஷின் தானே திரும்பும் வசதிக்குக் கொடுங்கள். மூன்று கட்ட மெஷின்களும் இருக்கின்றன. வடக்கே பனி கூடுதலாக விழும் பரி (Barrie) நகரில் காணி வைத்திருப்பவர்கள் யோசிக்கட்டும்.

இனி பற்றரி. ஈகோ, டோரோ, ரியோபி என்று எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு ஓட்டினாலும் அயலவர் முறைக்கமாட்டார். பெற்றோல் மணம் இல்லை, இழுத்து ஸ்டார்ட் பண்ணும் வேலை இல்லை. ஒற்றைக் கட்டப் பற்றரி மெஷின் சாதாரண பனியில் பெற்றோல் தம்பியைவிட ஒன்றும் குறைந்ததில்லை. ஈரமான மதிலில்தான் சார்ஜ் கண்முன்னே இறங்கும். மதிலை முதலில் முடித்துவிட்டு உள்ளே வருவது நல்லது. கடைசிக்கு வைத்தால் பாதியில் நின்றுவிடும். லித்தியம் பற்றரி குளிரில் குறைவாகத்தான் தரும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் போடவும் கூடாது. ஆகவே மெஷின் கராஜில், பற்றரி வீட்டுக்குள். சில வருடம் கழித்துப் பற்றரி மாற்றும்போது விலை கையைக் கடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நிறுவனத்தின் புல்வெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்து, அதன் பற்றரி இதற்கும் பொருந்தினால் கணக்கே வேறு. வயர் இழுத்து ஓட்டும் மின்சார மெஷின் வாசற்படிக்கும் டெக்குக்கும் போதும், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

விலை என்று பார்த்தால் ஒற்றைக் கட்டம், பெற்றோலோ பற்றரியோ, ஆயிரம் டொலரைச் சுற்றி நிற்கும். 24 அங்குல இரட்டைக் கட்டத்துக்கு 1,500இல் இருந்து மேலே. ஆனால் தீர்மானத்தைப் புரட்டிப்போடுவது பராமரிப்புத்தான். அக்கம்பக்கத்தில் மெஷின் எழும்பவில்லை என்று கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது, "போன வருசப் பெற்றோலா?" பெரும்பாலும் ஓம் என்றுதான் பதில் வரும். ஒன்ராறியோவில் சாதாரண பெற்றோலில் ஏறக்குறைய 10 வீதம் எத்தனோல். அது ஈரத்தை உறிஞ்சும்; பெற்றோலோ, அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேற்றரில் கோடை முழுக்கக் கிடந்து பிசினாகும். அடையாளம் சுலபம்: காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டால் ஓடும், சோக்கை எடுத்ததும் இருமி இருமி நின்றுவிடும். கார்பரேற்றரின் அடியில் உள்ள கிண்ணத்தைப் பிடித்திருப்பது ஒரேயொரு போல்ட். பல எஞ்சின்களில் அந்தப் போல்ட்டிலேயே ஊசித்துளை ஒன்று இருக்கும். எரிபொருள் போகும் வழி அதுதான். மெல்லிய செப்புக்கம்பியை விட்டுத் துளையைத் துப்புரவாக்கி, கிளீனர் அடித்தால் பாதி மெஷின்கள் உயிர்த்துவிடும். இந்த வேலையே வராமலிருக்க, கடைசிப் பனி முடிந்ததும் தாங்கியை வடித்து, தானாக நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள்.

இரட்டைக் கட்டத்தில் ஓகரின் ஒரு பக்கம் மட்டும் சுற்றவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஷியர் பின் உடைந்திருக்கும். ஐஸ் கட்டியோ பத்திரிகைக் கட்டோ சிக்கினால் கியர்பெட்டி தப்பட்டும் என்று முதலில் உடைவதற்காகவே வைத்தது அது. கைவசம் இருக்கிறதே என்று உரமான போல்ட் ஒன்றைப் போட்டுவிட்டால் அடுத்த முறை உடைவது சில நூறு டொலர்க் கியர்பெட்டி. சூட் அடைத்தால் கையை விடவே கூடாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் இறுக்கத்தில் நிற்கும் இம்பெல்லர், அடைப்பு எடுபட்டதும் ஒரு சுற்றுச் சுற்றும். விரல் போக அது போதும். மெஷினோடு வரும் தடியால் குத்துங்கள். ஈரப்பனியில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதுதான் அடைப்புக்குப் பாதிக் காரணம்: எஞ்சின் முழு வேகத்தில், நடை மட்டும் மெதுவாக.

சரி, எது? ஒரு கார் அகல டிரைவ்வேயும் டவுன்ஹவுசும் என்றால் பற்றரி ஒற்றைக் கட்டம், யோசிக்கவே வேண்டாம். இரண்டு கார் அகலமும் வாயில் மதிலும் என்றால் 24 அங்குல இரட்டைக் கட்டப் பெற்றோல், ஆனால் வசந்தத்தில் பெற்றோலை வடிக்கச் சோம்பல்படாதவர்களுக்கு மட்டும். சோம்பல் என்றால் காசைக் கொஞ்சம் கூட்டிப் பற்றரி இரட்டைக் கட்டத்துக்குப் போங்கள். பெற்றோல் ஒற்றைக் கட்டத்தைப் புதிதாக வாங்க இப்போது எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை; பழையது மலிவாக வந்தால் பார்க்கலாம்.

பழையது வாங்குவதென்றால் செப்டெம்பரில் தேடுங்கள், முதல் பனிக்குப் பிறகு விலை ஏறிவிடும். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஆறவிட்டு, உங்கள் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். இரட்டைக் கட்டம் என்றால், எஞ்சினை நிறுத்தி ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிய பிறகு, குனிந்து ஷியர் பின்களைப் பாருங்கள். அந்த இடத்தில் சாதாரண போல்ட் இருந்தால், கியர்பெட்டியின் அடியில் ஒயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் விலை பேச வேண்டாம்.