லொறித் தகட்டுக் கத்தி என்று 24,500 ரூபாவுக்கு வாங்கி ஏமாந்தேன்

ஒன்லைனில் ஒரு காட்டுக் கத்தி வாங்கினேன். விற்றவர் கொழும்புக்காரர், பெயர் போடவில்லை. அதே கத்தி இப்போதும் விற்பனையில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

விளம்பரம் சொன்னது இது: லொறியின் பாரம் தாங்கும் வில்லுத் தகட்டில் கையால் அடித்தது, அலகும் பிடிக்குள் போகும் காம்பும் ஒரே துண்டு, அலகில் டமாஸ்கஸ் வரி, அதாவது எஃகிலேயே ஓடும் அலை அலையான கோலம். கூடவே சமனலவெவயில் ஆயிரம் வருசத்துக்கு முன் பருவக்காற்றையே துருத்தியாக்கி எஃகு உருக்கிய நம் மரபு என்று ஒரு பந்தி. அந்தச் சூளைகள் உண்மை. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் அதே மாதிரிச் சூளை கட்டி உருக்கிக் காட்டி 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த உண்மையைத் தூண்டிலாக்கினதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மீமுரேக் கிராமத்தில், தங்கின வீட்டு முற்றத்தில் விறகு பிளந்தோம். மருமகன் கத்தியைக் கட்டையில் வைத்து அதன் முதுகில் தட்டினான். நாலாவது தட்டில் அலகு பிடியை விட்டுக் கழன்று அவன் உள்ளங்கையைக் கிழித்தது. மூன்று தையல்.

பிடியில் வரிந்திருந்த தோல்வாரை அவிழ்த்தேன். உள்ளே பென்சில் தடிப்பில் ஒரு கம்பி, அலகின் அடியில் ஒரு பொட்டு வெல்டிங், மிச்சமெல்லாம் பசை. ஒரே துண்டு என்றால் அலகின் இரும்பே பிடிக்குள்ளும் நீண்டிருக்கவேண்டும். அது இல்லாததை மறைக்கத்தான் தோல்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் வயதான கொல்லர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒன்றும் கேட்காமல் அரத்தை எடுத்துக் கத்தியின் வாயில் ஒரு இழுப்பு இழுத்தார். தூள் பறந்தது.

"அரம் கடிக்குது பாருங்கோ தம்பி. சூடாக்கித் தோய்ச்சது சரியெண்டால் வழுக்கிக்கொண்டு போகும்."

"லொறித் தகடு எண்டுதானே ஐயா சொன்னவை?"

"தகடெண்டால் வரி எங்கயால வரும்? ரண்டு சாதி எஃகை அடுக்கி, உலையில ஒட்டவச்சு அடிச்சால்தான் வரி."

சாண்ட்பேப்பரால் தேய்த்துக் காட்டினார், வரி போய்விட்டது. உண்மையான வரியும் தேய்த்தால் மங்கும், ஆனால் பெரிக் குளோரைட் என்ற இரும்பை அரிக்கும் கரைசலில் நனைத்தால் திரும்ப எழும்பும். இதில் எழும்பவே இல்லை. மேலே அச்சடித்த கோலம்.

பிறகு வேலையை விளங்கப்படுத்தினார். வில்லுத் தகட்டைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் கொஞ்சம் மேலே ஏற்றி எண்ணெயில் தோய்க்கவேண்டும். தண்ணீரில் போட்டால் வெடிக்கும். அதோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும் என்பதால், திரும்ப 200 பாகை செல்சியஸ் அளவில் இரண்டு மணித்தியாலம் சூட்டில் வைக்கவேண்டும். விளம்பர வீடியோவில் சம்மட்டியும் தீப்பொறியும்தான் இருந்தன. எண்ணெயையும் காணவில்லை, அடுப்பையும் காணவில்லை. நானும் கேட்கவில்லை.

விற்றவருக்குப் படங்கள் அனுப்பினேன். "அது விறகு பிளக்கிற கத்தி இல்லை" என்று ஒரு பதில், அதோடு என்னைப் புளொக் பண்ணிவிட்டார். விளம்பரப் படத்தில் கத்தி நிற்பதே பிளந்த விறகின் மேல்!

வாங்க இருப்பவர்கள் பிடி போடமுதல் எடுத்த படத்தைக் கேளுங்கள், காம்பு முழுதும் தெரியவேண்டும். தர மறுத்தால் காசு அனுப்பாதீர்கள். ஏற்கனவே வாங்கியவர்கள் தோல்வாரை இன்றைக்கே அவிழ்த்துப் பாருங்கள். வெல்டிங் தெரிந்தால் படம் எடுத்து, காசு கட்டின சிட்டையோடு நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். என் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டேன்.